மேனேஜர் தமிழில் சொன்ன என் வாக்கியம்

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிய அந்த நிமிடத்தை இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. பாபநாசம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், நெல் ஊறும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. முந்தைய லோடு அரிசி ஏன் நாறியது என்று கேட்க எங்களிடம் அரிசி வாங்கும் ஓர் அம்மாள் ஸ்பெயினிலிருந்து வந்திருந்தார். எங்கள் மேனேஜர் அந்த நாட்டில் பல வருடம் ஓட்டல் வேலை பார்த்தவர். ஆலையில் அவருக்கு மட்டும்தான் அந்த மொழி தெரியும். என்னைக் கைகாட்டி நீளமாக ஏதோ சொன்னார். இவள்தான் தொட்டி பார்க்கிறவள் என்று அறிமுகம் செய்கிறார் போல என்று நினைத்து, நன்றாகத் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "என்னம்மா, தொட்டியக் கவனிக்காம விட்டது நீதான்னு அந்தம்மா முன்னாடி நீயே தலையாட்டி ஒத்துக்கிட்டியாமே?"

நடந்தது வேறு. மேனேஜர் மகளுக்கு வளைகாப்பு. பாய்லர் ஓட்டுகிறவர் நன்றாகச் சமைப்பார் என்று, பந்திச் சமையலுக்கு அவரை இரண்டு நாள் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அவிக்க ஆளில்லாமல் நெல் தொட்டியிலேயே கிடந்து நாறியது. நான் சொன்னதை முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தவிட்டு மூட்டை தைக்க அனுப்பினார். 'தொட்டிய நாறவிட்டவ' என்பதே ஆலையில் என் பெயராகிவிட்டது.

அன்றே போனில் ஸ்பானிஷ் பாடம் ஆரம்பித்தேன். படிப்பு ஆசையெல்லாம் இல்லை, ஆத்திரம்தான். வணக்கம், நலமா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராக இறந்தகாலத்துக்குப் போனேன். அங்கே நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது: நெல் ஊறிக்கொண்டிருந்தது, அவர் ஆளை அழைத்துப் போனார். தமிழ்ப் பழக்கத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி என் வாக்கியங்கள் நொண்டின. அங்கே யார் என்று சொன்ன கையோடு என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தஞ்சாவூர் பஸ்ஸிலும், மூட்டை தைக்கும்போதும், மேனேஜரை முன்னால் நிறுத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார். ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, மேனேஜரும் முதலாளியும் பார்க்க, அத்தனையும் அவரிடம் சொன்னேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அந்த அம்மாள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார் சொல்லுது இந்தப் பொண்ணு? தமிழ்ல சொல்லுங்க."

இரண்டு மொழியும் தெரிந்தவளாக நான் எதிரே நிற்கிறேன். பொய் சொல்ல வழியில்லை. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தன் குற்றத்தைத் தன் வாயாலேயே இழுத்து இழுத்துச் சொன்னார். பாவம் என்று அன்று தோன்றவில்லை. இப்போது கடைத்தெருவில் என்னைக் கண்டதும் அவர் எதிர்ப்பக்கம் போகும்போதும் தோன்றுவதில்லை. ஒருவழியாக முடித்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனார்.

"வளைகாப்ப விட்டுட்டீங்க சார்," என்றேன். "அதையும் சொல்லுங்க."