சைக்கிள் பாரில் இருந்து பார்த்த பிரான்ஸ்

நான் பிரான்சுக்குப் போனதே இல்லை. ஆட்களை ஏற்றிவிட விமான நிலைய வாசல் வரைக்கும் போனதுதான் என் வெளிநாட்டுப் பயணமெல்லாம். இருந்தும் அந்த நாட்டின் நடுவில், எரிமலைகள் அவிந்து புல் மூடிக் கிடக்கிற ஒரு மலைநாட்டில், எந்த மண்பாதை எந்தக் கருங்கல் தேவாலயத்துக்குப் பின்னால் திரும்பும், எந்த வளைவில் கொம்பு நீண்ட செம்மாடுகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் என்று என்னால் சொல்ல முடியும். என் அண்ணை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியவை அவை.

ஏற்றிக்கொண்டு என்றால், போனில். அண்ணை அங்கே ஒரு சிறு பட்டணத்து உணவகத்தில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கமரா பாதையைப் பார்க்கிற மாதிரிப் போனைக் கைப்பிடியில் பூட்டிவிட்டு எனக்கு வீடியோ கோல் எடுப்பார். அவருக்குக் காலை, வட்டுக்கோட்டையில் எனக்கு மத்தியானச் சமையல் நேரம். நான் குசினியில் போனைச் சீனிப் பேணியோடு சாத்தி வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன்.

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பார்தான் என் இருக்கை. நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணைதான் பாரில் துவாயைச் சுற்றி என்னை இருத்தி மிதித்துக்கொண்டு போவார். எனக்கு முகத்தில் காற்றுப் பட்டால் போதும், கண் சொருகிவிடும். நித்திரையில் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் வழி முழுக்க அவர் என் காதுக்குள் கதைத்துக்கொண்டே வருவார்.

"பார் பிள்ளை, இப்ப மதகு வருது. பார், உந்த வீட்டு நாய் எங்களைத் துரத்தப்போகுது. நித்திரை கொள்ளாதை, என்ன?"

தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "பார் பிள்ளை, இப்ப காடு வருது. பார், கீழை ஒரு குளம். ஆரும் குளிக்கிறேல்லை, ஐஸ் தண்ணி." நானும் பாரில் இருக்கிற பிள்ளையாகவே பார்த்துக்கொண்டிருப்பேன். மஞ்சள் பூச் செடிகள் ஒரு சரிவு முழுக்கப் பூத்திருக்கும். விறகை வீட்டுச் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் போன் முழுக்கச் சேறு.

அந்தச் சைக்கிளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. கரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மட்காட் இல்லை. ஒரு பை அரிசி வைக்க இடமில்லாத சைக்கிளுக்கு இவ்வளவு பவுசா என்று கேட்பேன். போய்ச் சேர ஓர் இடமும் கிடையாது. மேலே ஏறுவதாம், பிறகு இறங்குவதாம். எங்கள் ஊரில் சைக்கிளை எடுத்தால் சங்கக்கடைக்காவது போகவேண்டும்.

ஏற்றத்தில் அண்ணைக்கு மூச்சு வாங்கும். அந்தச் சத்தம் என் குசினியெல்லாம் கேட்கும்.

"களைக்குது அண்ணை உங்களுக்கு. இறங்கி உருட்டுங்கோ."

"களைச்சால்தான் பிள்ளை மலை. களைக்காட்டி அது கீரிமலை."

சொல்லிவிட்டு அந்தக் களைப்புக்குள்ளும் சிரிப்பார். கீரிமலை கடலோரத் தீர்த்தம், எங்களிடம் உள்ள மலை பேரில் மட்டும்தானே. அதைச் சொல்லி என்னைச் சீண்டாமல் அவருக்கு ஒரு ஞாயிறும் போகாது.

கீரிமலை அவருக்கு வெறும் பகிடியும் இல்லை. அவர் கையில் விசா இல்லாத காலத்தில் அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்க மகன் வரவில்லை, சித்தப்பாவின் மகன்தான் வைத்தான். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடி அப்பாவுக்கு விரதம் பிடிக்க வேண்டியவர் அங்கே ஒரு குளியலறையில் தலை முழுகினார். காத்தோட்டிக்காய் என்கிற கசப்புக் காய் இல்லாமல் எங்கள் பக்கம் அந்த விரதச் சோறு இல்லை. நான் அதை வத்தலாக்கி, பிரான்சுக்குப் போகிற யாரையாவது பிடித்துக் கொடுத்துவிடுவேன். விசா கிடைத்த பிறகும் லீவு இல்லை, உடம்பு சரியில்லை, கொரோனா என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தது.

போன வருடம் அண்ணை முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த ஆடிக்கு வாறன் பிள்ளை. அப்பான்ரை சயிக்கிளிலை கீரிமலைக்குப் போவம். நீ பின்னாலை ஏறு. பாரிலை இருத்த இனி என்னாலை ஏலாது."

நான் கொட்டிலில் கிடந்த அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தேன். டயர், டியூப், செயின் எல்லாம் புதிதாகப் போடுவித்தேன். நாய் ஏறிப் படுக்காமல் சாக்கால் மூடியும் வைத்தேன்.

பங்குனி கழிந்த பிறகு ஒரு மாற்றம் வந்தது. அண்ணைக்கு மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. முன்பு அவர் பாதியில் இறங்கி உருட்டிய செங்குத்தில் இப்போது சளசளவென்று கதைத்தபடியே ஏறினார். "பார் பிள்ளை, தேவாலயம் வருது. பார், மாடுகள்." காற்றுச் சத்தம்கூட இல்லை. ஒரு குருவி மட்டும் விடாமல் கீக், கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. அது என்ன குருவி என்று கேட்டேன். பிரெஞ்சுக் குருவி என்றார்.

எனக்குப் பிடிபடாத சந்தோஷம். அண்ணைக்கு உடம்பு தேறிவிட்டது, இனித் தடையில்லை என்று நினைத்தேன். நல்லூருக்குப் போய் அவர் பேரில் அர்ச்சனை செய்து, வாசலில் சிதறுதேங்காயும் அடித்தேன். கண்ணூறு பட்டுவிடும் என்று அயலில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்காததற்காக நான் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. உச்சிக்குச் சற்றுக் கீழே சைக்கிள் நின்றது. கைப்பிடியில் இருந்த கை கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தது. வெள்ளைக் கை. மணிக்கட்டு வரை செம்மயிர். என் அண்ணையின் கையோ அடுப்பில் வெந்து கறுத்த கை.

போத்தல் அதன் இடத்துக்குத் திரும்பிப் போனது. அண்ணையின் குரல் ஒன்றும் நடக்காதது போல, "பார் பிள்ளை, இப்ப உச்சி வருது" என்றது. அதற்குப் பின்னால் குருவி கத்தியது. அப்போதுதான் அது எனக்கு அடையாளம் தெரிந்தது. என் கணவரை நெஞ்சுவலியோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, கட்டில் தலைமாட்டில் இருந்த மெசினுக்குள் அதே குருவிதான் கத்தியது.

கையில் இருந்த வெங்காயத்தை வைத்தேன். கேட்கலாம். கேட்டால் அந்த நிமிடமே அவர் கட்டிலில் கிடக்கிற நோயாளி ஆகிவிடுவார். என்னை முன்னால் இருத்தி மிதிக்கிறவராகத்தான் அவர் என்னிடம் வர விரும்பினார். இவ்வளவு பாடுபட்டு அதை எனக்காகச் செய்கிறவரிடம் நான் என்னத்தைக் கேட்க?

"ஓம் அண்ணை, நல்ல வடிவாய் இருக்கு" என்றேன்.

"பாத்தியே, எவ்வளவு தூரம் தெரியுது."

"ஓம் அண்ணை."

கோல் முடிந்த பிறகு கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் அவரோடு மலை ஏறினேன். குரல் வரவர மெலிந்தது. "ஆடிக்கு வாறன்" என்பதை மட்டும் அவர் விடவில்லை. "சயிக்கிள் ரெடி அண்ணை" என்பதை நானும் விடவில்லை.

ஆனி முடியுமுன் அண்ணை போய்விட்டார்.

அவரோடு ஒரே வீட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர்தான் அறிவித்தார். நுரையீரலில் புற்றுநோயாம். பங்குனியில் இருந்து ஆஸ்பத்திரியாம். கூடச் சமைத்த பிரெஞ்சுக்காரர் வாராவாரம் அதே பாதையில் போய் வீடியோ எடுத்துக் கொடுப்பாராம். அண்ணை கட்டிலில் சாய்ந்தபடி அதை ஓடவிட்டு, தன் போனை அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு என்னோடு கதைப்பாராம். கை நடுங்கினால் நேர்ஸ் பிடித்துக் கொடுப்பாராம்.

அஸ்தியைக் கொண்டுவந்ததும் அந்த ஊர்க்காரர்தான். ஆடி அமாவாசைக்கு முதல் நாள், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சிறு பெட்டியாக அண்ணை வந்து இறங்கினார். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முற்றத்து மாமரக் கிளையில் கட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் கழித்து வீட்டுக்கு வந்த மனிதனை வாசலில் நிறுத்துகிற வழக்கம் என்ன வழக்கம் என்று சத்தம் போட்டேன். ஒருவரும் அவிழ்க்கவில்லை.

காலையில் உறவினர்கள் ஓட்டோ பிடித்து வைத்திருந்தார்கள். கிரியை செய்கிறவர்கள் அதில் போகட்டும், அண்ணை என்னோடு சைக்கிளில்தான் வருவார் என்றேன். உனக்கென்ன விசரா என்றார்கள். என் கணவர் கிளையில் இருந்து பெட்டியை இறக்கி, நான் சங்கக்கடைக்குப் போய்வரும் சைக்கிளின் முன்கூடையில் துவாயை விரித்து வைத்தார். அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.

சங்கானையைத் தாண்டினோம். பண்டத்தரிப்புக்குப் பிறகு தோட்டங்கள் வந்தன. செம்மண்ணுக்கு அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். ஆடிக் காற்று. பெட்டியைச் சுற்றிய துணியின் நுனி படபடத்தது.

"பாருங்கோ அண்ணை, வெங்காயத் தோட்டம் வருது" என்றேன். "பாருங்கோ, இப்ப பனங்காணி. மாடு நிக்குது, உங்கடை மாடு மாதிரி இல்லை, எலும்பும் தோலும்தான்."

இளவாலை கழிந்து கடல் மணம் வந்தது. எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கண்ணீரைத் துடைக்கக் கை எடுத்தால் சைக்கிள் ஆடியது, அதனால் துடைக்காமல் மிதித்தேன். தூரத்தில் கோபுரம் தெரிந்தது.

"பாருங்கோ, இப்ப கீரிமலை வருது. நித்திரை கொண்டிடாதேங்கோ அண்ணை. இந்தா, வந்திட்டம்."