கலைமணியக்கா போட்ட நடவுத் திட்டம்

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி நாற்று விற்றுப் பிழைக்கிறவன் நான். யார் எப்போது நடப்போகிறார்கள் என்பது பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கலைமணியக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருவது அதனால்தான்.

எங்கள் ஊர் உழவர் குழு அதுவரை டீ குடித்துக் கலைகிற குழு. அக்கா தலைவியான பிறகுதான் அதற்கு ஒரு வேலை வந்தது. இடைவெளி விழாமல் நாலு மாதம் தினமும் காய் கொடுத்தால், ஊருக்கே வேன் அனுப்புவதாகப் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவரைச் சம்மதிக்க வைத்தார். நாற்பது குடும்பங்களை மூன்று அணியாகப் பிரித்தார். இருபது நாளுக்கு ஓர் அணி நட வேண்டும். அடுத்த ஐந்து வருடத்துக்கும் அட்டை எழுதிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினார். குடும்பத்துக்கு ஒரு பெயர். மீறினால் அந்தப் பெயர் குழுவில் இருக்காது. மாரியம்மன் முன்னால் எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம்.

பத்து நாள்தான் தாங்கியது. மண்டியில் விலை ஏறியது. மூன்றாவது அணி மாயவன் என் பண்ணைக்கு வந்தார்.

"அன்பு, கலைமணிகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத. கால் ஏக்கருதான் நடறேன்."

அந்த வாரமே முறை வராத இருபத்தைந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. சீ, என்ன மனிதர்கள். நாற்றுத் தட்டுகளை எடுத்துக் கொடுத்த நான் மட்டும் என்ன வாழ்ந்தது?

கடைசியாக அக்காவின் கணவர் பச்சியப்பன் வந்தார். "ஏரிக்கு அந்தாண்ட குத்தகைக் கொல்லையில வெக்கிறேன். அவ அந்தப் பக்கமே வரமாட்டா." அவருக்கும் கொடுத்தேன்.

முறை தவறி நட்ட வயல்களைக் கண்டதும் அக்கா வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். "எங்க கொல்லையப் பாருங்க, முறை வரலன்னு சும்மாத்தான கெடக்குது?" என்று கேட்டார். ஏரிக்கு அந்தாண்ட நடந்தது அதற்குள் ஊருக்கே கசிந்திருந்தது. கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஊரே ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டியது. வேனில் ஏறியது போக மீதி ரோட்டோரம் அழுகி ஈ மொய்த்தது. அடுத்த மாதம் ஏற்றக் காயில்லை. வேனும் நின்றுபோனது.

அக்கா சொசைட்டியில் கூட்டம் போட்டார். நாற்று விற்ற கணக்கு நோட்டை என்னைக் கொண்டுவரச் சொல்லி, "முறை மீறுனவங்க பேரப் படிப்பா" என்றார். படித்தேன். கடைசிப் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கக்கா."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தார். அதே குரலில் படித்தார்: "பச்சியப்பன்."



"குடும்பத்துக்கு ஒரு பேருன்னு நான்தான எழுதுனேன். மொதல்ல என் பேர அடிச்சுடுங்க."

குழுப் பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற இருபத்தைந்து பெயர்களை யாரும் அடிக்கவில்லை. டீ வந்தது. புதுத் தலைவர் யார் என்று பேச்சு எழுந்தது. ரகசியம் காப்பவன் என்று மாயவன் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.