இடப்பக்கச் சக்கரம்

பின்பக்கக் கொட்டகையில் ‘டக்’கென்று ஏதோ முறிந்தது. அடுப்படியில் நின்ற ஸ்டியரிங் அக்காவுக்குத் தன் நெஞ்செலும்பே முறிந்ததுபோல் இருந்தது. ஓடினாள்.

பழைய வேனின் இடப்பக்கச் சக்கரத்தருகே, கையில் ஸ்பேனரோடு விழித்துக்கொண்டிருந்தான் கணவனின் தம்பி.

“கழட்டத்தான் அண்ணி பார்த்தேன். இறுகிக்கிட்டே போச்சு. கொஞ்சம் தம் கட்டினேன்... போல்ட்டே போயிடுச்சு.”

“இந்தப் பக்கம் போல்ட்டோட மறை தலைகீழ், வலப்பக்கமா திருப்பினாத்தான் கழலும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! ஓடுற வேகத்துல நட்டு கழண்டுடக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே யோசிச்சுப் பண்ணியிருக்கான். உங்க பலத்தை இப்ப யாரு கேட்டா?”

பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் என்பதால் வந்த பெயர் ஸ்டியரிங் அக்கா. ஆனால் அவள் முதலில் பிடித்த ஸ்டியரிங் இந்த வேனுடையதுதான். கல்யாணமான புதிதில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவான். அவளும் திரும்பக் கத்துவாள். வண்டி இரண்டு பேரையும் பொறுத்துக்கொள்ளும். பின்னால் மாவு மூட்டைகள்மேல் தூங்கியே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

பட்டறை விபத்தில் கணவனின் வலக்கை செயலிழந்த அன்றோடு வேனும் நின்றது. “கை விளங்காதவனுக்கு வண்டி எதுக்கு?” என்று, பழைய வண்டிகள் சேர்க்கும் பல் டாக்டர் ஒருவருக்கு அதைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் அழவில்லை. “டாக்டர் வர்றதுக்குள்ள ஓட்டிக் காட்டுறேன். ஓடினா வண்டி நம்மகிட்டேயே இருக்கணும்” என்றாள். எஞ்சினுக்கு உயிர் கொடுத்தாயிற்று. சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைச் சரிசெய்வது மட்டும்தான் பாக்கி. டாக்டர் வருவது இன்று மாலை.

தலைகீழ் மறை போட்ட போல்ட் எந்தக் கடையில் கிடைக்கும்? அவள் நேரே முன்னறைக்குப் போனாள். கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“தலைகீழ் மறை வெட்டுற டை எங்கே? நாமே போல்ட் செஞ்சுடலாம்.”

“பெட்டியில கிடக்கும். விட்டுடேன், அவர் எடுத்துட்டுப் போகட்டும்.”

“விட மாட்டேன். எழுந்திரிங்க. டையைச் சுத்துறதுக்கு ரெண்டு பக்கமும் பிடி இருக்கு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுக்கு உங்க இடது கை சும்மாத்தானே கிடக்கு?”

“பழக்கமில்லாத கைடி அது.”

“மறையே தலைகீழ்தானே? பொருத்தமாத்தான் இருக்கும்.”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் கண் நிறைந்தது, துடைக்க நேரமில்லை.

மேசையில் கவ்விப் பிடிக்கும் வைசில் இறுக்கிய இரும்பைச் சுற்றி இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்தின. “அவசரப்படாதே. அரைச் சுத்து பின்னால வா, பிசிறு உதிரட்டும். எண்ணெய் விடு” என்று அதட்டினான். பழைய குரல்! அவள் பதிலுக்குக் கத்தினாள். தம்பி குப்பியைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டான்.

போல்ட் உட்கார்ந்தது. பிரேக்கும் பிடித்தது.

டாக்டர் வந்தபோது வேன் தெருவில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஓட்டினாள், பக்கத்து இருக்கையில் கணவன். டாக்டர் மட்கார்டைக் குழந்தையைப்போல் தடவினார்.

“என்கிட்ட இருக்கிறதுல பாதி கிளம்பவே கிளம்பாதுங்க. இது என்னமா ஓடுது! ஆனா, வாக்குக் கொடுத்தீங்களே?”

அக்கா எஞ்சினை அணைத்தாள். கணவன் எண்ணெய் படிந்த இடக்கையை உயர்த்திக் காட்டினான்.

“கொடுத்தது கை விளங்காதவன் சார். அவன் இப்போ இங்க இல்லை.”

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் உள்ளங்கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்காமலே, வண்டியை விட்டுவிட்டு வந்த வழியே நடந்தார்.

அக்கா வேனைக் கொட்டகைக்குள் விட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.