அத்தையின் ஆணிப் பலகை

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சமைப்பது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது என் தொழில். மலேசியாவின் சிரம்பானில் வேலை. ரந்தாவுக்கு அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு வலது கை விழுந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீட்டுப் படிவத்தோடு போனேன். அதுவும் அவர் மகன், என் அத்தான், கேட்டதால். அம்மா தனியாக இருக்கலாமா, அல்லது தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தைக்கு வீட்டைவிட்டு வர மனமில்லை.

அத்தையால் எது முடியும், எது முடியாது என்று ஒரு மணி நேரத்தில் பட்டியல் தயார். பதினேழு 'முடியாது'. எதிரிலேயே உட்கார்ந்திருந்த அத்தையிடம் நான் கேட்டது நீரிழிவு மருந்து விவரம் மட்டும். பிறகு சமையலறையில் ஆபத்தானவற்றை அகற்றினேன். முழங்கால் உயரத்தில் தொங்கிய பாத்திரங்களை மேல் தட்டில் அடுக்கினேன். குழாயில் சுற்றியிருந்த மோட்டார் சைக்கிள் டியூப்பை வெட்டி எறிந்தேன். ஒரு பலகையில் மூன்று துருப்பிடித்த ஆணிகள் முனை மேலே தெரிய நின்றன. அதையும் குப்பைப் பையில் போட்டேன்.

"அது இருக்கட்டுமே பாப்பா."

"குத்திச்சுன்னா ஆறாது அத்தே. உங்களுக்கு இனிப்பு நீர் வேற."

அத்தை தனியாக இருக்க முடியாது என்று அன்றே அத்தானுக்கு அறிக்கை போனது.

அடுத்த சனிக்கிழமை போனபோது அடுப்பு துடைத்தபடியே கிடந்தது. அத்தை பக்கத்து வீட்டார் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தே சமைக்கல?"

"எதுல நறுக்க? வெங்காயத்த அந்த ஆணியில குத்தி வச்சா ஓடாதுலா. ஒரு கை போதும். பெரிய படிப்பு படிச்ச புள்ள, ஆணிக்குப் பயந்துட்ட."

முகம் சுட்டது. ஒரு கையால் சமைப்பவர்களுக்கான ஊசிப் பலகையைக் கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அத்தைக்கு ஒன்று வேண்டும் என்று அறிக்கையில்கூட எழுதியிருந்தேன். டியூப், ஈரக் கையிலும் குழாய் வழுக்காமல் திருகுவதற்கு. பாத்திரங்கள், உட்கார்ந்தபடியே எடுப்பதற்கு. கேட்கக் கேட்க, பதினேழில் ஒன்பதை அங்கேயே அடித்தேன்.

வாசலுக்குப் போய் அத்தானை அழைத்தேன்.

"உன் பேப்பர நம்பித்தானே நாளைக்குச் சாமான் ஏத்த லோரி சொல்லியிருக்கேன்?"

"அவங்கள நான் கேக்கவே இல்ல அத்தான். தப்பா எழுதிட்டேன்."

"சரி, ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும், பாக்கலாம்," என்றார்.

உள்ளே வந்து சொன்னேன். அத்தை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"என்னைப் பத்தித்தானே பேசுனீங்க? அதுக்கு எதுக்கு வெளிய போன?"

அவர் இடது கையை நீட்டினார்.

"போன குடு. நான் பேசுறேன்."