நாலு படியும் ஒரு மாலை மாற்றலும்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மட்டாஞ்சேரியில், தமிழ்க் குடும்பங்கள் காலங்காலமாகக் கல்யாணம் நடத்தும் ஒரு பழைய மண்டபத்தைப் பழுதுபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆர்க்கிடெக்ட். பழைய கட்டடம் என்றாலும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழி செய்துதான் ஆக வேண்டும்.

முன்வாசலில் கருங்கல்லில் நாலு படி, மொத்தம் இரண்டடி உயரம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்படியென்றால் இருபத்துநாலு அடி. அதை முன்னால் போட்டால் படிகள் மறைந்துவிடும். பழைய முகப்பைத் தொடக் கூடாது என்று வேறு நிபந்தனை. எனவே பின்பக்கம், சமையல்கட்டு ஓரமாகப் போட்டேன். சரிவு, அகலம், கைப்பிடி எல்லாம் கச்சிதம். நூற்றுக்கு நூறு வாங்கிய மிதப்பில் திரிந்தேன்.

அந்தச் சாய்தளத்தில் முதன்முதலில் ஏறியவள் ஒரு மணப்பெண். சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலிதான்; வங்கியில் வேலை. முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது மண்டபம் பார்க்க வந்தாள். பெருமையாகப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அன்று உள்ளே வேறொரு விசேஷம். கியாஸ் சிலிண்டர்களையும் பூசணித்தோல் குவியலையும் கொதிக்கிற அண்டாவையும் தாண்டித்தான் கூடத்துக்கு வர முடிந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"சேச்சி, ராம்ப் நன்னாத்தான் இருக்கு. ஆனா கல்யாணப் பொண்ணு சாம்பார் அண்டாவைச் சுத்திண்டா உள்ள வரணும்?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். பள்ளிக்கூடம், கல்லூரி, கோயில் என்று எங்கே போனாலும் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்குவார்களாம். ஒரு தடவை கீழேயும் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்றாவது யாரும் தூக்காமல், முன்வாசல் வழியாக, மாப்பிள்ளையின் பக்கத்திலேயே உள்ளே போக வேண்டும். முடியாவிட்டால் வைட்டிலா பக்கம் ஏதாவது புது மண்டபத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவளுடைய அப்பா அம்மா கல்யாணம் நடந்தது இங்கேதான் என்பதால், மாற்ற அவளுக்கு மனசே இல்லை.

முன்னால் இருபத்துநாலு அடிக்கு வழியில்லை என்று நான் விதியை ஒப்பித்தேன். அவள் வெளியே போய், தெருவாசல் கேட்டிலிருந்து முற்றத்துக்கு ஒருமுறை உருண்டு வந்தாள். திரும்பப் போய் இன்னொரு முறை வந்தாள்.

"கேட்டுலேந்து சல்லுனு கீழ இறங்கறேன். அப்பறம் படிகிட்ட மேல ஏறணும். ஏறத்தான் போறேன்னா எதுக்கு இறங்கணும்?"

எனக்குப் பொறி தட்டியது. மட்டாஞ்சேரித் தெருக்களில் தார்மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகும். பழைய முற்றங்கள் பள்ளத்திலேயே நிற்கும். இங்கே தெருவாசல் கேட், முற்றத்தைவிட ஓர் அடி உயரம். நானோ நல்ல பிள்ளையாகப் படியடியில் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு, கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தில் இறங்காமல் மதில் ஓரமாகவே பாதை போட்டால், ஏற வேண்டியது ஒரே அடி. பன்னிரண்டு அடிச் சரிவு போதும். படிகளுக்கு மேலே உள்ள வராந்தாவின் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்துவிடும், படிகளும் அப்படியே இருக்கும்.

வெட்கமாக இருந்தது; அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அன்றே வரைந்தேன். படியைத் தொடவில்லை என்பதால் அனுமதியும் கிடைத்தது. நாலடி அகலம் போதும் என்றேன். "எனக்குப் போதும். அவர் பக்கத்துல நடக்க வேண்டாமா?" என்றாள். ஐந்தரை அடியாக்கினேன். மதுரைக்கார மேஸ்திரி ஆனி மாத மழையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு வேலையை முடித்தார்.

கல்யாணத்தன்று தூறல். நாதஸ்வரம் முன்னே போக, அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் குடை பிடித்தபடி மாப்பிள்ளை. பின்னாலேயே முழங்கால் வலிக்காரர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், பெட்டி உருட்டுகிறவர்கள் என்று ஊரே அந்தப் பாதையில் வந்தது. நாலு படியும் போட்டோ எடுக்க மட்டும் பயன்பட்டது.

மாலை மாற்றும் நேரம் வந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாய்மாமன்கள் தோளில் தூக்க வேண்டும் என்பது வழக்கம். அவளுடைய மாமா தயங்கி நின்றார். தூக்கினால் பிடிக்காது என்று அவருக்கும் தெரியும்.

"என்ன மாமா நிக்கறேள்? இதுக்குத் தூக்கலேன்னா கல்யாணம் எப்படியாக்கும் ஆகும்? தூக்குங்கோ!"

தூக்கினார். மாப்பிள்ளையின் மாமா ஒல்லி, அவளுடைய மாமா பீமன். மேலேயிருந்து குறிபார்த்து அவள் போட்ட மாலை மாப்பிள்ளையின் தலைப்பாகையையும் சேர்த்துக் கவிழ்த்தது. நாற்பத்தாறு வயதுக்காரி நான், பட்டுப்புடவையோடு விரலை மடித்து விசில் அடித்தேன்.

இப்போதெல்லாம் பழைய கட்டடம் எதற்குப் போனாலும் முதலில் தெருவில் நின்று, இங்கே யாரை இறக்கி ஏற்றுகிறோம் என்று பார்க்கிறேன்; வாசலில் யாரும் தூக்க வேண்டியிராததால்தானே அன்று அவள் அத்தனை ஆசையாகத் தூக்கச் சொன்னாள்!