குடிக்காத புருஷன் வருகிற கதை

எங்கள் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலருகே புத்தக மேஜை இருக்கும். கதைப் புத்தகம் அதில் நாலைந்துதான். அட்டை மாறும், பெயர் மாறும். உள்ளே புருஷன் குடிப்பார், மனைவி அழுது ஜெபிப்பாள், கடைசிப் பக்கத்தில் அவர் முழங்காலில் நிற்பார். வேத வினாடி வினாவில் மூன்று வருடம் எனக்குத்தான் முதல் பரிசு. மூன்று முறையும் ஒரே கதைப் புத்தகம்.

பக்கத்து வீட்டுக்காரி சபைக்காரி அல்ல. நூலகத்தில் மனதுக்குப் பிடித்ததை எடுத்து வருவாள். போடியில் நாங்கள் இருவரும் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறோம். காய் பொறுக்கிக்கொண்டே அவள் கதை சொல்வாள்; சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவளும் என்னைப் போலப் பத்தாவது தாண்டாதவள்தான்.

ஒரு நாள் அவள் கதையில் ஒரு புருஷன் வந்தான். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். வீட்டுக்குள் பேசவும் மாட்டான். என் கை முறத்திலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். பலசரக்குக் கடையில் ஊரோடு பேசுவார். வீட்டில் சோறு கேட்பதோடு சரி. நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது அவளுக்குப் புத்தகமாகக் கிடைத்திருக்கிறது.

“மிச்சத்த நீயே படிச்சுக்கக்கா, தாரேன்” என்றாள்.

“எங்க ஆளுக அதெல்லாம் படிக்கிறதில்ல” என்றேன். எந்தப் போதகரும் தடுத்ததில்லை. பொறாமைதான் அப்படிப் பேசியது.

அந்த ஞாயிறு மேஜைக்கார அம்மாவிடம், குடிக்காத புருஷன் வருகிற கதை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். எனக்கு விளங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நாலு பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. என் வீட்டுக்காரரை நடுவில் உட்காரவைத்து, குடியிலிருந்து அவருக்கு விடுதலை வேண்டுமென்று கண்ணீரோடு ஜெபித்தார்கள். அவர் தலைகுனிந்து இருந்தார். அவர் குடிப்பதில்லை என்று சொன்னால், பிறகு ஏன் அந்தக் கதை கேட்டாய் என்பார்களே என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். போகும்போது அதே புத்தகத்தைக் கொடுத்துப் போனார்கள். நாலாவது.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் என்னைக்குத்தா குடிச்சேன்?”

“குடிக்கலீங்க. பேசத்தான் மாட்டேங்கிறீக.”

அவர் புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

நான் பக்கத்து வீட்டுக்குப் போய் வெட்கத்தை விட்டு அவள் தருவதாகச் சொன்ன புத்தகத்தைக் கேட்டேன். மத்தியானம்தான் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாளாம். முடிவைச் சொல்லவா என்றாள். வேண்டாம் என்றேன். என் கதையின் முடிவை அவள் வாயால் கேட்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை நானும் நூலகத்தில் சேர்ந்தேன். அந்தப் புத்தகத்தை அதற்குள் வேறு யாரோ ஒருத்தி எடுத்துப் போயிருந்தாள். யாரென்றுகூடத் தெரியாது. ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த யாரோ ஒருத்தி மேலும் எனக்கு வயிறு எரிகிறது.