அடுப்படியில் தொடங்கிய குடில்

லூர்து டீச்சர் போய்விட்டார்கள்.

காலையில் சூசை அண்ணன்தான் போன் பண்ணினார். "தங்கச்சி... நம்ம டீச்சரு..." என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

கோச்சடைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு டீச்சரைத் தெரியாமல் இருக்காது. மிஷன் ஸ்கூலில் சயின்ஸ் எடுத்தவர்கள். என் மகனும் அவர்களிடம் படித்தவன்தான், அடியும் வாங்கினவன்தான்.

ஒரு தடவை மேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். யானைமலை தெரிந்ததும் நான், "டீச்சர், நெசமான யானைதான் கல்லாச் சமைஞ்சு போச்சாம்ல?" என்றேன்.

சிரித்தார்கள். "கதை நல்லாத்தான் இருக்கு. அந்தக் கல்லுக்கும் ஒரு கதை இருக்கு, அது இதைவிடப் பெருசு. ரெண்டையும் வச்சுக்கங்க."

எதையும் பிடுங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர்கள்...

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். என் பேத்தி பிரின்சி ஒன்பதாவது படிக்கையில் நடந்தது.

அந்த வருஷம் எங்கள் அன்பியத்தில், அதாவது எங்கள் தெருக் கோயில் குழுவில், கிறிஸ்துமஸ் குடில் போட்டி. வீடு வீடாக வந்து பார்த்து பரிசு கொடுப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் லூர்து டீச்சரும், அன்பியத் தலைவர் சூசை அண்ணனும்.

பிரின்சி போட்ட குடில் டிவி ஸ்டாண்டோடு நிற்கவில்லை. அடுப்படி வாசலில் ஆரம்பித்து ஹால் முழுக்க ஓடியது.

முதலில் சிவப்பு ஜிகினாத்தாள், நெருப்பு. பிறகு மேலூர் பட்டறையிலிருந்து அவள் அப்பன் மூட்டையில் கொண்டுவந்த கல் சில்லு. நீலப் பாலிதீனில் கடல், மீன். அப்புறம் பொருட்காட்சியில் வாங்கின பிளாஸ்டிக் டைனோசர்கள்! அதற்குப் பிறகு யானை, மாடு, ஆடு, இடையர். கடைசியில் டிவி ஸ்டாண்டில் மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு. பிள்ளையைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்கள் மட்டும் தள்ளி, ஜன்னலோரம்.

முந்தின நாளே சூசை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி, குடிலுக்குள்ள இம்புட்டுப் பெரிய பல்லிய விட்டுருக்க? எடுத்துரு. சாமி உலகத்த ஆறு நாள்ல படைச்சாருன்னுதானம்மா நாம படிச்சோம். எடுக்கலேன்னா போட்டியில சேக்க முடியாது."

பிரின்சி அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஸ்கூல்ல பூமிக்கு நானூத்தம்பது கோடி வருஷம்னு எழுதுனாத்தான் மார்க். ஞாயித்துக்கிழமை மறைக்கல்வில ஆறு நாளுன்னு சொன்னாத்தான் நல்ல பிள்ளை. ரெண்டு வாய் வச்சுக்கச் சொல்றீங்களா அப்பத்தா? எனக்கு முடியாது. நான் இனிமே கோயிலுக்கே வரல."

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை கோயிலை விட்டுப் போய்விடக் கூடாதே என்று மணியை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் டீச்சரும் சூசை அண்ணனும் வந்தார்கள். எல்லாரும் நேரே டிவி ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, "எங்கிட்டிருந்தும்மா பாக்கணும்?" என்று பிரின்சியிடம் கேட்டார்கள்.

"அடுப்படியில இருந்து டீச்சர்."

அடுப்படிக்கே போனார்கள். நெருப்பு, கல், கடல், டைனோசர்... ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் குழந்தை இயேசுவின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள்.

பிறகு திரும்பி, "சூசை, மூணு ராஜாக்களை ஏன் அங்க ஜன்னலோரம் நிறுத்தியிருக்கு?"

"அவுக வந்து சேர நாளாகும்ல டீச்சர். ஜனவரியிலதான பக்கத்துல கொண்டாருவோம்."

"அப்ப குடில்ல தூரம்னா காலம்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. டைனோசர் அதவிடத் தூரத்துல நிக்குது. அம்புட்டுத்தான?"

அண்ணன் விடவில்லை. "அப்ப ஆறு நாளு?"

"அது சாமியோட நாளு சூசை. அவரு என்ன, கையில வாட்ச்சக் கட்டிக்கிட்டா வேலை பாத்தாரு? யாரு படைச்சாங்கன்னு வேதம் சொல்லுது. எம்புட்டுக் காலமாச்சுன்னு கல்லு சொல்லுது. கல்லையும் அவருதான படைச்சாரு? அது பொய் சொல்லுமா?"

அண்ணன் அடுப்படியிலிருந்து டிவி ஸ்டாண்டு வரை ஒரு பார்வை பார்த்தார். "அடேயப்பா... இம்புட்டுக் காலம் காத்திருந்தா இந்தப் பிள்ளை வந்து பொறந்துச்சு!" என்றார். பிறகு பிரின்சியிடம், "ஏம்மா, இதுல நான் எங்க நிக்கிறேன்?"

"நீங்க இன்னும் வரவே இல்ல தாத்தா!"

டீச்சர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. அண்ணன்தான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான்! ஹாட்பாக்ஸ். அதை அண்ணனே மேடையில் பேர் வாசித்து, பிரின்சி கையில் கொடுத்தார். நான் கைதட்டினதில் வளையல் ஒன்று உடைந்தது... உடையட்டும்.

பிரின்சி இப்போது காலேஜில் ஜியாலஜி. சுத்தியலும் கையுமாகப் பாறை பாறையாக ஏறுகிறாள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சீட்டு கிடைத்த அன்றைக்கு டீச்சர் மூன்று லட்டு சாப்பிட்டார்கள். "சுகர் இருக்கே டீச்சர்" என்றதற்கு, "இன்னைக்கு இல்ல" என்றார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கப் பூசை. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

போய் வாங்க டீச்சர். வேதத்தில் உலகம் படைக்கப்பட்ட பகுதியைத்தான் முதல் வாசகமாக வைக்கச் சொல்லியிருந்தீர்களாம்... பிரின்சி காலேஜிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். அவள்தான் வாசிக்கிறாள்.